குடை மட்டும் வந்தது

சத்தியமாகச் சொல்லுகிறேன். சத்தியம் பண்ணக் கூடாது என்று சேகரம் சேகரமாக, சபை சபையாகப் போய்ப் பிரசங்கம் பண்ணின உபதேசியார் நான். அப்படிப்பட்டவன் நடு நெஞ்சில் கையை வைத்து, பெண்சாதி பாக்கியத்தின் தாலிமேல் ஆணையாக என்று தொண்டை கிழியச் சொன்னால் அதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருக்குமா? இருந்தால் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் ஒரே தும்மலில் கொட்டட்டும். இந்தச் சற்குணம் இதுவரைக்கும் சொன்ன மற்றதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம். மணப்பாட்டுக் கடலில் என் தூண்டிலில் மாட்டின மீன் என்னைத் தரதரவென்று இழுத்துத் திசையன்விளைச் சந்தையிலே கொண்டுவந்து விட்டது என்றேனே, அதை நம்ப வேண்டாம். கன்வென்ஷன் கூட்டப் பந்தல் காற்றில் கிளம்பினபோது ஒரு மூங்கில் காலைப் பிடித்துத் தொங்கியபடி நானும் பறந்தேன், நடு ஜெபத்தில் சபையார் கண் மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை என்றேனே, அதையும் தள்ளிவிடுங்கள். இது வேறு. இதை நான் வாயால் சொல்லி ஆற்றிக்கொள்ளாவிட்டால் உள்ளேயே கிடந்து என்னைத் தின்றுவிடும்.

கோடை என்றால் ஊருக்கு லீவு, எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டம். பரீட்சை முடிந்து பிள்ளைகள் பையைத் தூக்கி எறிகிற அன்றைக்கே மொபெட்டை உதைத்துவிடுவேன். பின்னால் பாக்கியம், அவள் மடியில் துணிப் பொம்மைகள் திணித்த பை, அவள் கையில் எங்களுக்கு மேலே கப்பல் பாய் மாதிரி விரிந்த கறுப்புக் குடை. எதிர்க்காற்றில் வண்டி பின்னால் போகிறது என்று நான் கத்துவேன். உப்பளத்து ஊரில் விபிஎஸ் என்கிற லீவு வேதாகமப் பள்ளி, அதை முடித்துத் தேரிக்காட்டில் விபிஎஸ். காலையில் பாட்டும் பொம்மைக் கதையும், மத்தியானம் வீடு சந்திப்பு, வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளோடு தேரியின் செம்மணல் மேட்டில் சறுக்கல், கிணற்றில் குதியல். கிணற்றில் குதித்தது நான் மட்டும் என்று நினைக்காதீர்கள். அறுபது தாண்டியும் பிள்ளைகளுக்கு அக்காவாகவே இருக்கிற பாக்கியம், மிதக்கிறதற்கு இடுப்பில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு, சேலையைத் தார்ப்பாய்ச்சி, படியில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாரும் பாக்கப்படாது, எல்லாரும் திரும்புங்க" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று விழுந்தாள். திரும்பி நின்ற பிள்ளைகளெல்லாம் சிரித்த சிரிப்பில் கிணற்றுப் புறா அத்தனையும் கிளம்பியது. இந்தக் கூத்தெல்லாம் முடிந்து மே மாசக் கடைசியில் அந்தப் பிள்ளைகளுக்கே மலைமேல் முகாம். எஸ்டேட்டுக்காரர்கள் கைவிட்ட ஒரு தேயிலைக் கிட்டங்கியில் தங்கல், அதற்கு முன்னால் ஒரு வேங்கை மரம், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு, அதுதான் மணி. மரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஓடை. மேல்பக்கம் சரிவு முழுக்க யூகலிப்டஸ். முகாமில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, மௌன வேளை. மாலைக் காபிக்கு முந்தின ஒரு மணி நேரம் எவரும் எவரோடும் பேசக் கூடாது. ஆளுக்கு ஓர் இடம், தனியாக உட்கார்ந்து தன் மனசோடு இருக்க வேண்டும், புருஷன் பெண்சாதி ஆனாலும் ஒருவர் இருக்கிற இடத்துக்கு மற்றவர் போகக் கூடாது. பிள்ளைகளுக்குச் சரிவு, பெரியவர்களுக்கு ஓடைக்கரை. மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் சரிவிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்து வேங்கை மரத்தைத் தொட வேண்டும், முதலில் தொட்டவனுக்கு இரண்டு வடை. இந்த ஓட்டத்தை ஏற்படுத்தினவன் நான்தான். மணி அடிப்பவனும் நான்தான். நான் கண்ணசந்துவிட்டால் சமையல் பண்ணுகிற தாவீது காபி இறங்கினதும் கரண்டியோடு வந்து அடித்துவிடுவார்.

இந்த வருஷ முகாமில் ஒரு மௌன வேளை. இப்போது நான் ஓடைக்கரைப் பாறையில் இருக்கிறேன். பாறை வெயில் குடித்துச் சூடாக இருக்கிறது, வேட்டி வழியாகச் சூடு ஏறுகிறது, இந்தச் சூடு வாய்வுக்கு நல்லது, பாக்கியம் இப்படி ஒரு சூட்டில்தான் துணி மடித்து என் முழங்காலுக்கு ஒத்தடம் வைப்பாள், பாக்கியம் மேல்நோக்கிப் போனாள், ஓடை வளைகிற இடத்துக்கு, குடையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல். கோபம். நேற்று மாலைக் கூட்டத்தில் நான் சொன்ன சிறுத்தைக் கதையில் சின்னப் பெண் ஒருத்தி பயந்து பாயை நனைத்துவிட்டாள், பாயைக் கழுவிப் போட்டது பாக்கியம். ஒரு சிறுத்தை ஜெபக் கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் காணிக்கைப் பை வந்தபோது எழுந்து போனதும் சிரிக்கிற கதைதானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "எல்லாருக்கும் கோடை லீவு விட்டாச்சு. உங்க வாய்க்கும் ஒரு மணி நேரம் லீவு விடுங்களேன்" என்றாள். அதுதான் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் பதிலுக்கு ஒன்று வைத்திருந்தேன், அதற்குள் மௌன வேளை தொடங்கிவிட்டது, பதில் வாயிலேயே கிடந்து புளிக்கிறது. மேலே எங்கேயோ இடி. கோடை மழை. இங்கே வெயில், மலைக்கு அந்தப் பக்கம் கறுப்பு. ஓடைத் தண்ணீர் காலையில் கண்ணாடி, இப்போது பால் குறைந்த டீ மாதிரி இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டியாகிறது, சருகு வருகிறது, கிளை வருகிறது, என்ன இது, பின்னால் ஒரு சத்தம், எங்கள் மைத்துனர் பாயாசம் குடிக்கிற மாதிரி ஒரு உறிஞ்சல். தாவீதுக்கு எதற்கு இந்த வேலை, காபியை மௌன வேளையில் குடித்துப் பார்க்கிறாரே என்று தலையைத் திருப்புகிறேன்.

கரடி. வேங்கை மரத்தடியில், தண்டவாளத் துண்டுக்கு நேர் கீழே, கறையான் புற்றைப் பெயர்த்து அதற்குள் மூஞ்சியை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. நான் வெற்றிலை துப்பினால் அதன் முதுகில் விழும். அவ்வளவு கிட்டத்தில். அதற்குப் புற்றைத் தவிர வேறு உலகம் இல்லை, எனக்கு அதைத் தவிர வேறு உலகம் இல்லை. முதல் நாளே காட்டிலாகா ஆள் வந்து பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னார்: "கரடியக் கண்டா ஓடப்படாது, கத்தப்படாது, அசையப்படாது. அது பயந்துட்டா மூஞ்சியத்தான் பிராண்டும்." அப்போது நான் பக்கத்தில் நின்று, நம்ம மூஞ்சியைப் பார்த்தாலே அது பயந்துருமே என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். பாக்கியம் முழங்கையால் இடித்தாள். இடித்த இடம் இப்போது வலிக்கிறது. அசையக் கூடாது. மூக்கு நுனியில் ஓர் எறும்பு. வாழ்நாளெல்லாம் மிருகம் மிருகமாகச் சொல்லியாகிவிட்டது, ஒன்றுக்காவது இந்த வாடை இருந்ததா, நனைந்த சாக்கும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி, இதை நான் கற்பனையில் சேர்த்ததே இல்லையே, அடுத்த முறை சேர்க்க வேண்டும், அடுத்த முறை என்று ஒன்று இருந்தால். கரடி உறிஞ்சுகிறது. நான் ஓடையைப் பார்க்கிறேன், கரடியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது உணர்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ஓடையில் குடை வருகிறது.

குடைதான். விரிந்தபடி, தலைகீழாக, தன் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றிப் பரிசல் மாதிரி வருகிறது. உலகத்தில் கறுப்புக் குடை எத்தனையோ, எஸ்டேட்டுப் பெண்கள் யாராவது, மேலே யாராவது, இல்லை, ஒரு கம்பிக்குப் பக்கத்தில் நீலத் துணி ஒட்டு, பொம்மைத் துணியில் மிஞ்சினதை அவளே வெட்டித் தைத்தது, தைக்கும்போது ஊசி குத்தி விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து முறைத்தாளே, நான்தான் குடையைக் கிழித்தேன் என்று. நீல ஒட்டு. குடை என் பாறைக்குப் பக்கமாக வந்து, ஒரு சுற்று நின்று, போய்விட்டது. கம்பில் அவள் கை இல்லை. அது போன பிறகும் நான் அது வந்த இடத்தையே பார்க்கிறேன், பின்னால் இன்னொன்று வரும் என்று, வரக் கூடாது என்று, சேலையின் நிறம் என்ன, காலையில் என்ன கட்டியிருந்தாள், பச்சையா, இலை இலையாக வருகிறதே எல்லாம் பச்சையாக வருகிறதே, பச்சை இல்லை, காபிப் பொடி நிறம், தண்ணீரே அந்த நிறம், எப்படித் தெரியும். பாக்கியம். ஏட்டி பாக்கியம். வாயைத் திறந்துவிட்டேன், காற்றுதான் வந்தது. உறிஞ்சல் நின்றது. கரடி மூக்கைத் தூக்குகிறது. நான் கல்லாகிறேன். மறுபடி உறிஞ்சுகிறது.

கத்தினால் என்ன? கத்தினால் கரடி திரும்பும், மூஞ்சியைப் பிராண்டும், பிராண்டட்டும், இந்த மூஞ்சிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது. ஆனால் ஐயா கத்தினார் என்றால் சரிவில் இருக்கிற பிள்ளைகள் அத்தனையும் எழுந்து ஓடிவரும். ஐயா ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று ஓடிவரும், நான் கத்தினால் வேடிக்கை என்றுதானே பழக்கி வைத்திருக்கிறேன். ஓடிவருகிற பாதை வேங்கை மரத்தில்தான் முடிகிறது. பயந்த கரடியின் மடியில் வந்து முடிகிறது. முன்னால் ஓடிவருவது அந்தப் பாயை நனைத்த சின்னப் பெண்ணாகத்தான் இருக்கும், நேற்றைக்கும் அவள்தான் முதலில் மரத்தைத் தொட்டாள், வடையைப் பிட்டுப் பாக்கியத்துக்குத்தான் பாதி கொடுத்தாள். கத்தாவிட்டால்? கத்தாவிட்டால் பாக்கியம். கேன் கட்டி நீந்தினவள், கிணற்றுத் தண்ணீர் நிற்கிற தண்ணீர், இது இழுக்கிற தண்ணீர். மணி அடித்தாலும் பிள்ளைகள் வரும். நான் அடிக்காவிட்டாலும் தாவீது அடிப்பார், காபி இறங்கிவிட்டதா, பின்பக்கம் புகை தெரிகிறதா, புகை இளைத்துவிட்டதே, விறகை இழுத்துவிட்டாரோ, இப்போது கரண்டியோடு வருவாரோ. ஒரு கை கரடியைப் பிடித்துக்கொள்ள, ஒரு கை தாவீதைப் பிடித்துக்கொள்ள, இரண்டு கையும் அவளைப் பிடித்துக்கொள்ள, எனக்கு இருக்கிறது இரண்டு, இரண்டும் தொடைக்கடியில் மரத்துப்போய்க் கிடக்கிறது. ஜெபம் பண்ணு சற்குணம். ஊருக்கெல்லாம் பண்ணினாயே, சாகக் கிடந்த மாட்டுக்கெல்லாம் பண்ணினாயே, எத்தனை நீளம், எத்தனை ராகம், இப்போது பண்ணு. வரவில்லை. ஆண்டவரே என்று தொடங்கினால் அடுத்த சொல் குடை என்று வருகிறது. ஆண்டவரே குடை. ஆண்டவரே நீலம். உங்க வாய்க்கும் ஒரு மணி நேரம் லீவு விடுங்களேன். அதுதான் கடைசியா? ஒரு மனுஷி கூடவே இருந்து சோறு போட்டு, வெயிலில் குடை பிடித்து, பொய்யையெல்லாம் கேட்டு முறைத்து, கடைசியாகச் சொன்னது அதுவாக இருந்தால் நான் அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவேன், எங்கே வைப்பேன், நாளைக்கு யார் என்னைப் பேசாதே என்று சொல்வார்கள், சொல்ல ஆளில்லாத வாய் எதற்கு.

தண்ணீர் வந்து பாதத்தை நக்கியது. சில்லென்று. பாறைக்கு ஒரு முழம் கீழே இருந்த ஓடை மேலே வந்துவிட்டது. நிற்காமல், எழும்பாமல், உட்கார்ந்தபடியே பாறையிலிருந்து வழிந்துவிடலாம், குழந்தை கட்டிலைவிட்டு இறங்குகிற மாதிரி. இறங்கினேன். நான் இறங்கவில்லை, என் பின்புறம் இறங்கியது, பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இடுப்புவரை தண்ணீர், வேட்டி என்னைவிட்டுப் போக ஆசைப்படுகிறது, பல்லில் கடித்துக்கொண்டேன். கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. சத்தியம் பண்ணியிருக்கிறேன், மறந்துவிடாதீர்கள். அது என்னைப் பார்த்துத் தும்மியது. மூக்கில் மண்ணோ கறையானோ, ஒரு பெரிய மனுஷன் மாதிரி தும்மிவிட்டு மறுபடி குனிந்தது. நான் கரையோர வேர்களைப் பிடித்துப் பிடித்து மேல்நோக்கிப் போகிறேன். கல் உருளுகிறது, கால் நழுவுகிறது, வாயில் சேற்றுத் தண்ணீர், அதில் யூகலிப்டஸ் வாடை. ஒவ்வொரு வேரையும் பிடிக்கும்போது அது அவள் கையாக இருக்குமோ என்று தடவிப் பார்க்கிறேன், அவள் கையாக இருக்கக் கூடாது என்று விடுகிறேன். வளைவு வரவில்லை. வளைவு எங்கே போய்விட்டது, காலையில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கூப்பிட முடியாதவனுக்குக் கூப்பிடு தூரம் எவ்வளவு தூரம். இதோ வளைவு. இதோ அவள் உட்கார்ந்திருந்த பாறை, தண்ணீருக்குள். செருப்பு ஒன்று கரையில். ஒன்றுதான்.

எதிர்க்கரையில் ஒரு நீர்மத்தி மரம் சாய்ந்து கிடக்கிறது. அதன் வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுவரை தண்ணீரில், பாக்கியம். உயிரோடு. கண் திறந்திருக்கிறது. வாய் நிறையத் துணி. யாரோ அவள் வாயை அடைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பதறினேன். யாரும் இல்லை. முந்தானையை அவளே சுருட்டித் திணித்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள், தாடை நரம்பு புடைக்க. எப்படிக் குறுக்கே போனேன் என்று கேட்காதீர்கள், தெரியாது, வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு முதலையைச் சேர்ப்பேன், இப்போது தெரியாது என்கிறேன். வேரைப் பிடித்தேன், அவளைப் பிடித்தேன், இரண்டு பேருமாக ஏறினோமா, மரம் எங்களைத் தூக்கிப் போட்டதா, கரையில் புல்லில் கிடந்தோம். துணியை எடுத்துவிட்டேன். உதடு நீலம்.

"பிள்ளைக எங்க?" என்றாள். முதல் சொல் அதுதான். குசுகுசுவென்று.

"மேல. சரிவுல."

"யாரும் எறங்கலையே?"

"இல்ல. நீ கூப்பிட்டிருக்கப்படாதா ஏட்டி? தொண்ட கிழியக் கூப்பிட்டிருக்கப்படாதா?"

"கூப்பிட்டா அதுக எல்லாம் ஓடியாந்து அக்கா அக்கான்னு தண்ணியில குதிச்சிரும். கெணத்துல குதிச்சுப் பழகுன பயலுவ. ஒண்ணு போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல? அதான் வாய அடச்சுக்கிட்டேன்." பல் கிடுகிடுவென்று அடித்தது. "கொடைய விட்டேன், நீங்க பாப்பீங்கன்னு. எவ்வளவு நேரம்! பாத்துட்டு ஏன் ஒரு சத்தம் போடல? தாவீதண்ணனக் கூப்பிட்டுக் கயிறு கொண்டாரச் சொல்லலாம்லா?"

"கரடி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டின நனைந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள்.

"கரடி" என்றாள் அவளும். "சாகப் போற நேரத்துலயும் உங்களுக்கு ஒரு கரடி வேணுமோ?" சொல்லிவிட்டு என் நெஞ்சில் குத்தினாள். ஒரு குத்து, இன்னொரு குத்து, மூன்றாவது குத்துக்குக் கையில் பலம் இல்லாமல் அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் சத்தியம் பண்ண வாயெடுத்தேன். அப்போது கீழே மணி அடித்தது.

தாவீது. கரண்டி. டண் டண் டண் என்று. அதோடு சரிவில் காலடிகள், ஓ என்று கூச்சல், மழைத் தண்ணீர் மாதிரி பிள்ளைகள் இறங்குகிற சத்தம். என் வாழ்நாளில் கேட்ட சத்தங்களில் மோசமானது அதுதான். "ஐயோ" என்று எழுந்தேன். கொஞ்சம் மேலே மரப்பாலம் ஒன்று, அதைத் தாண்டி ஓடினோம், நான் ஓடினது அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் கூடவே ஓடிவந்தாள், ஒற்றைச் செருப்போடு. அலறல் வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடுகிறேன், கூச்சல் வருகிறது, இது அலறலா சிரிப்பா, பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்தால் இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது, இத்தனை வருஷத்தில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்றே. வேங்கை மரம் தெரிந்தது. மரத்தைச் சுற்றிப் பிள்ளைகள். இரண்டு வடையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னப் பெண். கரடி இல்லை. இரும்புச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் பாய்ந்ததோ, அது போன வழிகூடத் தெரியவில்லை. உடைந்த புற்று மட்டும், ஈரமண், ஒரு குடம் இறங்குகிற அளவுக்குப் பள்ளம், அதைச் சுற்றி நகம் கீறின கோடுகள்.

"ஐயா, இந்தப் புத்த யாருய்யா தோண்டுனா?" என்றாள் சின்னப் பெண். எல்லா முகமும் என்னை நோக்கித் திரும்பியது, கண்ணெல்லாம் விரிந்து, கதை வரப்போகிறது என்று வாய் பாதி திறந்து. பாக்கியமும் அந்தப் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு பாறையைப் பார்த்தாள், நான் உட்கார்ந்திருந்த பாறையை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி.

"பன்னி" என்றேன். "சின்னப் பன்னி. குட்டி."

பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். "அம்புட்டுத்தானாய்யா?" என்றான் ஒரு பையன்.

"அக்கா ஏன் நனஞ்சிருக்கீங்க? ரெண்டு பேரும் ஏன் நனஞ்சிருக்கீங்க?"

பொய் என்றால் காய்ச்சல் வந்துவிடும் அவளுக்கு, அப்படிப்பட்ட பாக்கியம் கண் சிமிட்டாமல் சொன்னாள்: "ஐயா மௌன வேளையில தூங்கித் தண்ணிக்குள்ள விழுந்துட்டாவ. நான் போய்த் தூக்குனேன். சிரிக்காதீங்க, வயசானவங்கள." சிரித்தார்கள். தாவீது காபித் தூக்கை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் நின்றேன், அவள் விடவில்லை என் கையை. அன்றே மழையைக் காரணம் சொல்லி, ஜீப்பை வரவழைத்து, வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகள் அத்தனை பேரையும் மலையைவிட்டு இறக்கிவிட்டோம். ஜீப்பில் அவள் என் காதில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "எவ்வளவு கிட்டத்துல?" நான் சொன்னேன். கூட்டாமல் சொன்னேன். அவள் அதில் எதையும் குறைக்கவில்லை, அப்படியே நம்பினாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதுதான் நடந்தது. அடுத்த கோடைக்கு முகாமை அடிவாரத்திலேயே போட்டுவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டோம், காரணம் என் முழங்கால் என்று. பிள்ளைகளைப் பெற்றவர்கள் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் எங்களை நம்பி இனி ஒரு குஞ்சைக்கூட விட மாட்டார்கள், பிள்ளைகள் வராவிட்டால் பாக்கியத்துக்கு உயிர் இருந்து என்ன, போய் என்ன. அதனால் ஒரு உதவி. நீங்கள் இதை எங்கேயாவது சொல்லத்தான் போகிறீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு கிழவன் சொன்னான் என்று சொல்லுங்கள். என் பேர் மட்டும் வாயில் வரக் கூடாது, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதோ அவள் வருகிறாள். மீனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருங்கள்.